பால் டாங்கும் மாமாவின் பெட்டியும்

வெந்நீரில் குளித்த மனிதனிடம் கோபம் தங்காது என்பது என் அபிப்பிராயம். அந்த நல்ல எண்ணத்தில்தான் எல்லாவற்றையும் ஆரம்பித்தேன். சகலை, நாம் இருவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். நீங்கள் வங்கியில் தணிக்கை பார்க்கிறவர் வேறு. "நடந்தத நடந்தபடி எழுதிக் குடுங்க, மாமாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றீர்கள். எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் ஒரு விறகு பாய்லர் இருக்கிறது. அது கொஞ்சம் முரட்டு ஜாதி. அடக்கி எரித்தால் புகைந்து கரி பிடிக்கும். முழு மூச்சில் எரியவிட்டால் ஊரே குளிக்கிற அளவுக்குச் சூடு தரும், ஆனால் ஊர் ஒரே நேரத்தில் குளிக்க வராது. ஆகவே அந்தச் சூட்டைச் சேர்த்து வைக்க ஒரு பெரிய டாங்க் வேண்டும். ஒரு தடவை எரித்தால் இரண்டு நாளைக்கு வெந்நீர். இதில் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது.

மூடிப்போன பால் பண்ணை ஒன்றிலிருந்து, பாலைக் குளிர வைக்கிற டாங்க் பழைய இரும்புக் கடைக்கு வந்திருந்தது. துருப்பிடிக்காத எஃகு, இரட்டைச் சுவர், நடுவில் நுரை அடைத்தது. குளிர்ச்சியைக் காப்பாற்றிய சுவர் சூட்டைக் காப்பாற்றாதா? கொட்டகைக் கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோனோம். அதன் பிறகு விறகுக்கு இடமில்லை. விறகை வெளியே அடுக்கினேன்.

முதல் நாள் அந்த டாங்கின் தண்ணீரிலேயே என் மனைவி குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். பஸ் நிறுத்தம் வரை மூன்று பூனைகள் பின்னாலேயே போயின. எத்தனை கழுவியும் பால் வாடை போகவில்லை. அன்று மாலை அவள் பேசியதை இங்கே எழுத வேண்டியதில்லை, அவளுடைய அக்காவோடு குடித்தனம் நடத்துகிறவர் நீங்கள். மறுநாளே டாங்கின் மேல் பாதியில் ஒரு செம்புக் குழாயைச் சுருளாக இறக்கினேன். குளிக்கிற தண்ணீர் அந்தச் சுருளுக்குள் ஓடிச் சூடாகி வெளியே வரும், டாங்கின் தண்ணீரோடு ஒட்டாது. பூனைகள் ஏமாந்து போயின. வெப்பமானிக்கு மட்டும் புதிதாகத் துளை போடவில்லை. அந்த எஃகைத் துளைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். அடியில் பாலை வடிய விடும் துவாரம் சும்மாதானே இருந்தது, அதில் செருகிவிட்டேன்.

மாமாவுக்கு மட்டும் டாங்க் பிடிக்கவில்லை. வரும்போதெல்லாம் கைத்தடியால் அதைத் தட்டி, "மாப்ளே, எரும எப்ப வருது?" என்று கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒரு கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத நாலு பேரிடம் என்னைத் தகர மாப்பிள்ளை என்று அறிமுகப்படுத்தினார். அப்போதும் சிரித்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரம் வருவதில்லை.

இனி பெட்டி. பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மாமா தச்சு வேலையில் இறங்கினார் அல்லவா? முதலில் செய்த முக்காலி உட்கார்ந்தவரையெல்லாம் கீழே தள்ளியது. இரண்டாவதாகச் செய்த அலமாரியில் அத்தையின் புடவைகள் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கின்றன, கதவு திறக்கவில்லை. மூன்றாவதுதான் பெட்டி. அது மட்டும் ஒரு நூல் பிசகாமல் வந்துவிட்டது. நல்ல தேக்கு, பித்தளைக் கைப்பிடிகள், உள்ளே மெத்தை. தட்டையாகப் படுத்தால் அவருக்கு மூச்சு வாங்கும் என்பதால் தலைமாட்டைச் சற்று உயர்த்தியிருந்தார். அதற்குள் படுக்கும் காலத்தில் அந்தத் தொந்தரவு இருக்காது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

ஆமாம், சவப்பெட்டிதான். தனக்குத் தானே செய்துகொண்டது. அத்தை அதை வீட்டு வாசல்படி ஏற விடாததால் என் கொட்டகைக்கு வந்து, டாங்குக்கும் சுவருக்கும் நடுவே மிச்சமிருந்த இடத்தையும் அடைத்துக்கொண்டது. மாமா அவ்வப்போது வந்து அதில் படுத்து ஒரு குட்டித் தூக்கம் போடுவார். குறட்டை வீடு வரை கேட்கும்.

"நீளம் சரியா இருக்கான்னு பாக்கறேன் மாப்ளே."

"இந்த வயசுல வளர மாட்டீங்க மாமா."

"சுருங்குவேன்ல? அப்ப பஞ்சு வைக்கணும்."

வாழ்க்கையில் தனக்குச் சரியாக அமைந்தது இது ஒன்றுதான் என்று அத்தையை வைத்துக்கொண்டே சொல்வார்.

நீங்கள் எல்லாரும் வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு என் மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். "ஒம்பது பேரும் சுடச்சுடக் குளிச்சா டாங்கு இருக்கட்டும். ஒருத்தர் நடுங்கினாலும் திங்கக்கெழம இரும்புக் கடைக்காரர வரச் சொல்லிடுவேன்." நியாயமான நிபந்தனை. ஆனால் சனிக்கிழமை காலை மழை கொட்டி, வெளியே அடுக்கிய விறகு முழுக்க ஊறிப்போயிற்று. முதல் நாளே வந்துவிட்ட மாமாவும் அத்தையும் வீட்டுக்குள் இருந்தார்கள். நான் மதியம் வரை ஈர விறகை ஊதி ஊதி எரித்தேன். கண்தான் எரிந்தது. வெப்பமானியின் முள் பச்சைத் தண்ணீர் என்ற இடத்திலேயே படுத்திருந்தது.

மாமா குடை பிடித்துக்கொண்டு வந்தார். முள்ளைக் குனிந்து பார்த்தார். தட்டினார். "எருமைக்குச் சளி புடிக்கப் போவுது மாப்ளே" என்றார். உள்ளேயிருந்து அத்தை சிரித்தது கேட்டது. என் மனைவி சிரித்ததும் கேட்டது.

அவர் போன பிறகு யோசித்தேன். கொட்டகைக்குள் காய்ந்த மரம் மாமாவின் பெட்டி ஒன்றுதான். மாமா திடகாத்திரமாக இருக்கிறார், பெட்டிக்கு இப்போது அவசரம் இல்லை. ஆனால் இந்த மழையில் பச்சைத் தண்ணீரில் குளித்தால் சளி நெஞ்சில் இறங்கும், பெட்டிக்கு உடனே அவசரம் வந்துவிடும். வெந்நீர் இருந்தால் வராது. ஆக, அந்தப் பெட்டியை எரிப்பது அவருடைய ஆயுளுக்கு நல்லது.

ரம்பமும் மாமாவுடையதுதான், நல்ல கூர். தேக்கு கணகணவென்று எரிந்தது. மெத்தையும் எரிந்தது. மூடியிடம் வந்தபோது சற்றுத் தயங்கினேன். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? கைப்பிடிகள் எரியாது. நல்ல பித்தளையை வீணாக்க மனம் வராமல், டாங்கின் மூடிக்கு அவற்றைப் பொருத்தினேன். எடுப்பாக இருந்தது.

ஞாயிறன்று ஒன்பது பேரும் குளித்தீர்கள். ஒருவரும் நடுங்கவில்லை. மாமாதான் கடைசி, வெகுநேரம் குளித்தார். முகம் சிவந்து ஆவி பறக்க வெளியே வந்து, "மாப்ளே, தோத்துட்டேன். இப்படி ஒரு குளியலுக்கு அப்புறம் செத்தாலும் கவல இல்ல" என்றார். அப்படியே துண்டோடு கொட்டகைக்குப் போனார், சற்றுப் படுக்கலாம் என்று.

நாம் எல்லாரும் பின்னால் போனோம். அவர் பித்தளைக் கைப்பிடிகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார்.

"என் பெட்டி எங்க?"

நான் வெப்பமானியைக் காட்டினேன். சூடு ஏறவே இல்லை, வேறு வழி தெரியவில்லை என்றேன். என் மனைவி முள்ளைப் பார்த்தாள்.

"ஏங்க, ஒம்பது பேரு வெந்து குளிச்சாச்சு. இது இன்னும் பச்சத் தண்ணின்னுதான காட்டுது? சூடு மேல நிக்கும். அடியில வச்சுப் பாத்தா என்ன தெரியும்?"

ஈர விறகிலேயே டாங்கின் மேல் பாதி சூடேறியிருக்கும், பெட்டி அநியாயமாகப் போயிற்று என்று எல்லாருக்கும் அப்போதுதான் உறைத்தது. மாமா ஈர விறகுக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தெரியாம செஞ்சிட்டாரு, விடுங்க. அளவு என்கிட்ட இருக்கு, வேற செஞ்சுக்கலாம்" என்றார். என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

இப்போது வேறு செய்துகொண்டிருக்கிறார். முக்காலி மாதிரியே வருகிறதாம், நாலு மூலையும் நாலு திசையில். அந்தக் கை இனிமேல் வராது என்று அத்தையிடம் சொன்னாராம்.

வெப்பமானி வைத்த இடம் தவறு, கவனக்குறைவு, அவ்வளவுதான் என்று முடித்துவிடலாம் என்றீர்கள். குடும்பத்துக்கு அதுதான் நல்லது. மாமாவும் அப்படித்தான் நம்புகிறார். ஆனால் நடந்ததை நடந்தபடி கேட்டது நீங்கள். சனிக்கிழமை, மாமா குடையோடு திரும்பிப் போனதும், டாங்கின் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தேன். கொப்புளம் இன்னும் ஆறவில்லை. பாய்லர் கதவு சுட்டுவிட்டது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, ஒன்பது பேருக்கும் தாராளமாகக் காணும்.

அதன் பிறகுதான் ரம்பத்தை எடுத்தேன்.