பக்கத்துல இருக்கிறதுக்கும் காசு

...இல்லத் தம்பி, நீங்களே சொல்லுங்க. கலியாணம் முடிச்ச புருசன் பொஞ்சாதியப் பிரிச்சு, ஒராள முன்னுக்கும் ஒராளப் பின்னுக்கும் போட்டுப்போட்டு, சேர்ந்து இருக்க வேணுமெண்டா மறுகா ஒரு காசு கட்டு எண்டுறானுகள் பிளேன்காரனுகள். இது என்ன ஞாயம்? நீங்க பொலநறுவையில இந்த பஸ்ஸில ஏறினதுல இருந்து இதத்தான் சொல்லிக்கொண்டு வாறன், நீங்க போனப் பார்த்துக்கொண்டே இருக்கிறீங்க. பாருங்க, பாருங்க. காது சும்மாதானே இருக்கு.

கொஞ்சம் மெதுவாக் கதைப்பம். அந்தா, ஜன்னலோட சாஞ்சு நித்திர கொள்ளுறாவே, அவதான் இராசாத்தி, என்ட மனிசி. என்ட பேர் வினாயகமூர்த்தி. கொக்கட்டிச்சோலை. பஸ்ஸில கொண்டக்டரா இருந்து பென்சன் எடுத்தனான்.

நம்மட மகள் யசோதினி டுபாயில இருக்கா. வந்து ஒருக்கா எங்களப் பார்த்துட்டுப் போங்க எண்டு டிக்கட் போட்டா, போயிட்டு இப்பதான் திரும்புறம். மலிவுப் பிளேன். மலிவெண்டா... எல்லாத்துக்கும் காசு தம்பி. சாப்பாட்டுக்குக் காசு, பைக்குக் காசு, தண்ணிக்குக் காசு. அதெல்லாம் பரவாயில்ல, வயித்தக் கட்டிக்கொண்டு இருந்திரலாம். மனிசிக்குப் பக்கத்துல இருக்கிறதுக்குமா? நம்மட கொக்கட்டிச்சோலை பஸ்ஸில நான் அப்பிடி ஒரு வார்த்த கதைச்சிருந்தா, சனம் என்ன நடுவழியில இறக்கிப்போட்டுப் பஸ்ஸக் கொண்டு போயிருக்கும்.

ஆ, என்ன சொன்னன்... கட்டுநாயக்கா ஏர்போட்டில ஏறினம். எனக்கு முன்னுக்கு நாலாவது வரிசை. அவக்குக் கடைசிக்குக் கிட்ட, ஜன்னல் பக்கம். ரெண்டு பேருக்கும் அதுதான் முதல் பிளேன். அவ பயந்து போயிருவா எண்டு எனக்கு ஒரே யோசின. அவ என்னடாவெண்டா, "பரவாயில்ல, நீங்க போய் இருங்க" எண்டுட்டு விறுவிறெண்டு பின்னுக்குப் போயிட்டா. எனக்காகத்தான் பயத்த மறைக்கிறா எண்டு நினைச்சன்.

சும்மா இருக்க ஏலுமா? பஸ்ஸில எத்தின புள்ளத்தாச்சியள இருக்க வெச்சிருக்கன், எத்தின குடும்பத்த ஒண்டாச் சேர்த்திருக்கன். இது அதே வேலதானே. அவக்குப் பக்கத்துல சஹ்லா எண்டு ஒரு காத்தான்குடிப் புள்ள இருந்தா, டுபாயில ஆஸ்பத்திரியில வேலையாம். இடம் மாறச் சொல்லிக் கேட்டன். நல்ல புள்ள, எழும்பிட்டா. ஆனா என்ட சீட் ரெண்டு ஆம்பிளையளுக்கு நடுவுல. அங்க இருக்கமாட்டன் எண்டா, அதுவும் சரிதானே. அப்ப அதுல ஒராள எழுப்பி அங்கால விட்டன். அவருக்கு அந்த இடம் பிடிக்கல்ல, இன்னொராள எழுப்பினன்... பிளேன்ல வேல செய்யிற புள்ள ரெண்டு தரம் வந்து, ஐயா இருங்க, ஐயா பெல்ட்டப் போடுங்க எண்டா. எல்லாத்தையும் முடிச்சுப்போட்டுத்தான் இருந்தன். ஏழெட்டுப் பேர் இடம் மாறிட்டாங்க. சிரிக்காதீங்க தம்பி.

பொறகு டுபாய் போய்ச் சேருமட்டும் நான் அவக்கு ஒவ்வொண்டா விளங்கப்படுத்திக்கொண்டு போனன். இது செட்டை, அது மேகம், இப்ப பிளேன் கிறுகித் திரும்புது, காதடைக்கும், வாய ஆவெண்டு வையி எண்டு. எனக்கு மட்டும் என்ன தெரியும்? எண்டாலும் தெரியாத மாதிரி இருக்க ஏலுமா? அவ ஜன்னல் கண்ணாடியப் பார்த்தபடியே இருந்தா. ஒரேயொரு தரந்தான் வாய் திறந்தா. அந்தப் புள்ள சஹ்லாவ எங்க கொண்டுபோய் விட்டீங்க எண்டு கேட்டா. நான் வரமுந்தி ரெண்டு பேரும் சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு இருந்தவங்களாம்.

டுபாயில சாப்பிடக்குள்ள மகளுக்கு நல்லா ஏச்சுக் குடுத்தன். சீட்டுக்குக் கட்டுற காச மிச்சம் பிடிச்சு அப்பன் ஆத்தையப் பிரிச்சுப் போட்டியே எண்டு. அவ சோத்த வெச்சிட்டு என்ன ஒரு பார்வை பார்த்தா.

"ரெண்டு சீட்டுக்கும் நான் காசு கட்டித்தான் எடுத்தனான், அப்பா. அம்மாதான் தள்ளித் தள்ளி எடுக்கச் சொன்னவ."

விளங்கிச்சா தம்பி? மத்தவங்க சேர்ந்து இருக்கக் காசு கட்டுறாங்க. என்ட மனிசி பிரிஞ்சு இருக்கக் காசு கட்ட வெச்சிருக்கா. நான் இவவத் திரும்பிப் பார்த்தன். மீன் முள் எடுத்துக்கொண்டு இருக்கா, தல நிமிரல்ல.

"முதல் தரமா வானத்துல போறன். ஒருக்காச் சத்தமில்லாமப் பார்ப்பம் எண்டு நினைச்சன்" எண்டா.

கோவம் வந்திச்சுத்தான். ஆனா கோவத்தையும் கதைச்சுத்தானே காட்ட வேணும். அண்டைக்குப் பேசாமப் போய்ப் படுத்திட்டன். மகள் வந்து, காய்ச்சலா அப்பா எண்டு நெத்தியத் தொட்டுப் பார்த்தா. அப்பதான் எனக்கு உறைச்சிது. நான் ஒரு நேரம் வாய மூடினா, வீட்டுல அத ஏதோ காய்ச்சல் வருத்தம் எண்டுதான் நினைக்கிறாங்க. பஸ்ஸுக்குள்ள டிக்கட், டிக்கட், முன்னுக்குப் போ எண்டு கத்தின வாய், வீட்டு வாசலுக்கு வந்தும் ஓயல்ல. வட்டையில வயல் தண்ணிச் சண்டையோ, கோயில்ல திருவிழாக் கணக்கோ, எல்லாம் நான்தான் கதைச்சிருக்கன். அவ ஓம் எண்டுவா. அவட கத எது எண்டு யோசிச்சுப் பார்த்தன்... ஒண்டும் ஞாபகம் வரல்ல தம்பி. கேட்டாத்தானே ஞாபகம் வரும்.

திரும்பி வாறதுக்கு எப்பிடிச் சீட் போடட்டும் எண்டு மகள் கேட்டா. அம்மாக்கு எப்பிடி விருப்பமோ அப்பிடிப் போடு எண்டன். மறுகா தள்ளித்தான். இந்தத் தரம் எனக்குப் பின்னுக்கு, அவக்கு முன்னுக்கு. நான் ஒருத்தரையும் எழுப்பல்ல. அவட கொண்டை மட்டும் தெரிஞ்சிது. அதப் பார்த்துக்கொண்டு இருந்தன்.

அரைவாசித் தூரம் வந்திருக்கும். அவ எழும்பி, சீட்டுகளப் பிடிச்சுப் பிடிச்சு, பயந்து பயந்து நடந்து வாறா. எனக்குக் கிட்ட வந்து குனிஞ்சு சொன்னா.

"எனக்குப் பக்கத்துல ஆள் இல்ல. வந்து இருங்க. ஆனா கதைக்கப்படாது."

போனன். போய் இருந்தன். கண்ணாடிக்குள்ளால கையக் காட்டினா. கீழ கடல், அதுல ஒரு கப்பல், நகம் அளவுல. எனக்கு அதப்பத்திச் சொல்ல எவ்வளவு இருந்திச்சு தெரியுமா? நாக்கக் கடிச்சுக்கொண்டு இருந்தன். பொறகு மெல்ல அவவே தொடங்கினா. கட்டுநாயக்கா வருமட்டும் கதைச்சா தம்பி. இவ்வளவு காலம் ஒரு வீட்டுல இருந்திருக்கம், நான் கேக்காத கதையள்.

ஆ... இப்பதான் கைப்போன மடிக்குள்ள வெச்சிட்டு நிமிர்ந்து பார்க்கிறீங்க. என்ன கதைச்சவ எண்டுதானே கேக்கிறீங்க?

அது அவ எனக்குச் சொன்னது. உங்களுக்குச் சொல்லேலா.

சரி சரி, வாழைச்சேனை வந்திட்டு, உங்கட இடம் இதுதானே, பைய எடுங்க. இறங்கக்குள்ள கவனம், வழியில நீட்டியிருக்கிற அவட காலத் தட்டிப் போடாதீங்க. எழுப்பினா நான் பேச்சு வாங்குவன்.