பதினோரு மணிக்காரர்

பிறர் பேசும்போது குறுக்கிடாமல் இருப்பது சின்ன வயதிலிருந்தே என் பழக்கம். என் மனைவி அதையே குறையாகச் சொல்லுவாள்: "சுவத்துக்கிட்ட பேசினா எதிரொலியாவது வரும்." அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் எங்கள் தொலைபேசி மையத்தில் என்னைத் தர மேலாளர் ஆக்கினார்கள். ஊழியர்கள் வாடிக்கையாளர்களோடு பேசுவதைக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டு மதிப்பெண் போட வேண்டும். நடந்ததைக் கோவையாகச் சொல்லும்படி விசாரணை அதிகாரியான நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

நாங்கள் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காகப் போன் எடுப்பவர்கள். யார் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரமோ நின்றால் திட்டு எங்களுக்கு விழும். போன வருடம் அவர்களில் ஒரு பெரிய கம்பெனி, ஊருக்கு நீங்கள் என்ன நல்லது செய்கிறீர்கள், அதைக் காட்டினால்தான் ஒப்பந்தம் நீடிக்கும் என்று எழுதியது. மரம் நடலாம் என்றால் நாங்கள் இருப்பது ஏழாவது மாடி. ரத்ததானத்துக்கு ஏற்பாடு செய்தோம். வந்த டாக்டர் எங்கள் ஆட்களின் முகத்தைப் பார்த்துவிட்டு, இவர்களுக்குத்தான் ஏற்ற வேண்டும் என்று சொல்லிப் பெட்டியை மூடினார். கடைசியில் தெரிந்த தொழிலையே தருமமாக்கினோம். தனியாக இருக்கும் முதியவர்கள் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை இலவசமாகக் கூப்பிட்டுப் பேசலாம். 'பேச்சுத்துணை' என்று பெயர் வைத்தோம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா? அளக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. எங்கள் தொழிலில் ஒருவர் மறுபடி கூப்பிட்டால் அவருடைய பிரச்சினை தீரவில்லை என்று பொருள். கூப்பிடாவிட்டால் தீர்ந்தது. மூன்று மாதப் பதிவைப் பார்த்துத் திகைத்துப்போனேன். கூப்பிட்டவர்களே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்குக்கூடத் தீரவில்லை.

அவர்களில் ரொம்ப மோசம் பதினோரு மணிக்காரர். ஓய்வுபெற்ற சுருக்கெழுத்தர். பேச்சில் மட்டும் சுருக்கம் கிடையாது. தினமும் டாணென்று பதினோரு மணிக்குக் கூப்பிட்டு, ஒழுகும் குழாய், ஜன்னலுக்கு வரும் புறா, பக்கத்து வீட்டுக்காரர் குறட்டை என்று ஆரம்பித்துவிடுவார். எடுப்பவள் எப்போதும் ஒரே பெண்.

"பாப்பா, இன்னிக்குப் புறா ஜோடியா வந்திருக்கு" என்பார்.

"அப்போ கல்யாணச் சாப்பாடு எப்போங்க ஐயா?" என்பாள்.

நானே சிரித்திருக்கிறேன், மறைப்பதற்கில்லை. ஆனால் சிரிப்புக்கு என் படிவத்தில் கட்டம் கிடையாது.

நோய்க்கு மூலம் என்ன என்று ஆராய்ந்தேன். அந்தப் பெண் அன்பாகப் பேசுவதுதான். அவளைப் புகார்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டு, நாளுக்கு ஓர் ஆளாக உட்காரவைத்தேன். பெரியவர் அசரவில்லை. அடுத்து, வங்கி வேலைக்கு வைத்திருந்த சரிபார்ப்புக் கேள்விகளை இங்கேயும் சேர்த்தேன். பிறந்த தேதி, வீட்டு எண், துணைவியின் பெயர், துணைவி உயிரோடு இருக்கிறாரா. நான்கு பதிலும் எங்கள் பதிவோடு பொருந்தினால்தான் பேச்சு. ஒன்று தவறினாலும் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். நான்காவது கேள்வி வங்கியில் கிடையாது, என் சொந்தச் சரக்கு.

ஒரே மாதத்தில் மற்றவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். இவர் மட்டும் விடாக்கண்டனாக இருந்தார். "நேத்துதானேம்மா சொன்னேன், அவ போயி மூணு வருஷம் ஆச்சுன்னு. தினமும் என் வாயாலயே அவளைச் சாகடிக்கணுமா?" என்று ஒருநாள் கேட்டார். கேட்டுவிட்டு, பதிலையும் சொல்லிவிட்டு, புறாவுக்கு வந்துவிட்டார். எனக்கு எரிச்சல் வந்தது உண்மை. சமூக சேவை விருதுக்கான அறிக்கை அந்த வெள்ளிக்கிழமை போக வேண்டும். பட்டியலில் மிச்சம் அவர் ஒருவர்தான்.

செவ்வாய்க்கிழமை அவர் கூப்பிட்டபோது மணி பதினொன்று இருபது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. குளியலறையில் விழுந்துவிட்டாராம், எழுந்திருக்க முடியவில்லையாம், தலையில் ஈரமாக இருக்கிறதாம். எடுத்தவள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், பதறிப்போனாள். ஆனாலும் விதிப்படி கேட்டாள். தேதி சரி. வீட்டு எண் சரி. மனைவியின் பெயரை இரண்டு தடவை சொன்னார்.

"அவங்க உயிரோட இருக்காங்களா ஐயா?"

"உள்ளதான் இருக்கா, சமையல்கட்டுல. கொஞ்சம் கூப்பிடுங்கம்மா. நான் கூப்பிட்டா அவ காதுல விழல."

பதிவில் 'இல்லை' என்றிருந்தது. பொருந்தவில்லை. அவள் தலையைத் தூக்கிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நானும் அதே அழைப்பைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய முகவரி என் திரையில் இருந்தது. ஆம்புலன்சுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். துண்டித்துவிடும்படி கை காட்டினேன். துண்டித்தாள். விதியை மீறாததற்காக அவளுக்கு நூற்றுக்கு நூறு போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். அந்தத் தாளைத்தான் அவள் உங்களுக்கு அனுப்பியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை அறிக்கை போனது. மறு அழைப்புகள்: பூஜ்யம். சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்தாராம். அடுத்த வாரம் விருது வந்தது, கண்ணாடியில் செய்தது, நல்ல கனம்.

ஆக, அவரை அந்தத் தரையிலேயே விட்டது நான்தான். வேறு யாரையும் இதில் இழுக்க வேண்டாம். அவர் செத்துப்போவார் என்று தெரிந்தே செய்தீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி நினைத்துவிடாதீர்கள். அன்று முழுக்க அந்த எண் மறுபடி வருகிறதா என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். புதன்கிழமை பார்த்தேன், வியாழக்கிழமையும் பார்த்தேன். வரவில்லை. நிஜமாகவே முடியாமல் கிடந்திருந்தால் மனிதர் மறுபடி கூப்பிட்டிருக்க மாட்டாரா?