நாலாவது பிராக்கெட்

...அதான் சொல்றேன் தம்பி, புரோகிராம் எழுதற இந்த எடிட்டருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு. நாற்காலிய இப்படி இழுத்துப் போடுங்க. பக்கத்து சீட்டுக்கு இன்னிக்குத்தான் வந்திருக்கீங்க, வந்த அன்னிக்கே பாத்துக்கங்க இந்தக் கூத்த.

கடைசி வரி தெரியுதா? தொறந்த பிராக்கெட் நாலு. மூடினது... எண்ணுங்க, வாய் விட்டு எண்ணுங்க... நாலு. ஆச்சா? இப்ப இந்தக் கீய அமுக்கினா கர்சர் ஓடிப்போய் ஜோடி பிராக்கெட்டுல நிக்கணும். மூணுக்கு ஒழுங்கா ஓடுது. நாலாவதுக்கு? அசைய மாட்டேங்குது. மூடலன்னு செவப்புக் கோடு வேற. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்குது தம்பி. எடிட்டர் பழுது, எல்லாருக்கும் மாத்துங்கன்னு ஆபீஸ் மொத்தத்துக்கும் மெயில் போட்டுட்டேன்.

நான் மூடாத ஆளா? மூடாம விடுறது எங்க மாமியார். டப்பா தொறந்தா மூட மாட்டாங்க, குழாய் தொறந்தா மூட மாட்டாங்க, வாயும்... சரி விடுங்க. அவங்களும் வீட்டுக்காரியும் கீழ கார்லதான் இருக்காங்க. ஆறு மணிக்கு ரயிலு. இந்தப் புரோகிராம் ஓடினாத்தான் கெளம்பலாம்னு மேனேஜர் கண்டிஷனா சொல்லிட்டாரு. இதோ, மறுபடி போன். அடிக்கட்டும், எடுத்தா திட்டுவா.

என்ன? மேல கீழ நகர்த்திப் பாக்கணுமா? எதுக்கு? மொத்தமே இருபது வரி, திரையிலயே அடங்கிடுது. கைப்புண்ணுக்குக் கண்ணாடியா? மூக்கு திரையில இடிக்க ஒட்டி உக்காந்து, கண்ணக் கசக்கிக் கசக்கிப் பாத்தாச்சு. யோசன வந்தா கண்ணக் கசக்குவேன், பழக்கம். இமையில ஒரு முடி மிஞ்சாதுன்னு வீட்டுக்காரி கத்துவா. முடி கெடக்கட்டும், மொதல்ல இந்த...

ஏன் தம்பி குனியுறீங்க? திரைய ஏன்... ஊதாதீங்க... ஊதாதீங்கன்னா...

ஐயையோ! எங்க என் நாலாவது பிராக்கெட்டு? பறக்குதே... புடிங்க, கீபோர்டுல... ஆங், இந்தா.

...

ம். இமை முடி.

சரி. நெஜ பிராக்கெட் ஒண்ணு டைப் பண்ணிட்டேன். ஓடுது. செவப்புக் கோடும் போச்சு. வந்துட்டேம்மா, படியிலதான் இருக்கேன்... போன வச்சிட்டா. தம்பி, சிரிச்சிட்டே எங்க போறீங்க? ஒரு ஞாயம் சொல்லிட்டுப் போங்க. அந்த மெயில நான் வாபஸ் வாங்கறதா இல்ல. மூடல மூடலன்னு காலையிலேருந்து கத்தத் தெரிஞ்ச எடிட்டருக்கு, 'அது முடிங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லத் தெரியலையே?