வாயாடியின் பங்கு

“எல்லா மீனையும் எங்களுக்கே குடுத்துட்டா நீங்க என்ன சாப்பிடுவீங்க, மாமா?” என்று வாயாடி ஒருநாள் கேட்டாள். பக்கத்து வீட்டுத் தையல்காரியின் மகள். ஓயாமல் பேசுவதால் தெருவே வைத்த பெயர் அது.

மீன் சாப்பிடுவதில்லை என்று கடவுளிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. மதியம் குழம்பிலிருந்து நடுத்துண்டு ஒன்றைக் கிண்ணத்தில் போட்டு, மூடி எடுத்து வந்தாள்.

“சாமி கேட்டா நான்தான் குடுத்தேன்னு சொல்லிருங்க.”

அவள் போனதும் அந்தத் துண்டைக் கொல்லையில் புதைத்தேன். எங்கள் வீட்டுக்குப் பூனை ஒன்று வரும். பாவம், அதற்கு வைக்க மனம் வரவில்லை.

நான் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஆற்று நீரில் ஈயம் போன்ற உலோகங்கள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று பார்ப்பது என் பொறுப்பு. ஆற்றின் மேற்புறத்தில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறைகள் இருக்கின்றன. நீரைப் புட்டியில் பிடித்த கையோடு அதில் சில சொட்டு அமிலம் விட வேண்டும். விடாவிட்டால் ஈயம் புட்டியின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஊற்றிப் பார்க்கும் நீர் நல்ல நீர் என்று கருவி சொல்லிவிடும். கருவி காட்டியதைத் தவிர வேறெதையும் நான் எழுதியதில்லை.

முன்பெல்லாம் தவறாமல் அமிலம் விடுவேன். அப்படி ஒருமுறை ஈயம் அதிகமாகத் தெரிந்ததால் ஆற்றில் வலை போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. வலைக்காரர் ஒருவர் எங்கள் கூடத்து வாசலில் வந்து நின்றார்.

“ஆத்தை மூடுனா எங்க அடுப்பையும் மூட வேண்டியதுதான் சார். மீனு செத்தா மிதக்கவாவது செய்யும். நாங்க செத்தா யாருக்குத் தெரியும்?”

அவர் மிரட்டவில்லை, கையில் எதையும் திணிக்கவும் இல்லை. அழுதார். அழுகிறவரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க எனக்கு வராது. அடுத்த முறை நீர் எடுக்கப் போனபோது அமிலக் குப்பியைப் பையிலிருந்து எடுக்கவில்லை. கருவி நல்ல நீர் என்றது, தடை நீங்கி ஆறு திறந்தது. பட்டறைகளையாவது மூடச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேயும் பிள்ளைகுட்டிக்காரர்கள்தான் வேலை செய்கிறார்கள்.

வலைக்காரர் நன்றி மறக்காதவர். வாரம் தவறாமல் மீன் கொண்டுவந்தார். “உங்க கைராசி சார், மீனு துள்ளுது பாருங்க” என்பார். வேண்டாம் என்றால் ஏன் என்பார். தூக்கிப் போட்டால் உணவை வீணாக்கிய பாவம். பக்கத்து வீட்டிலோ கணவனை இழந்த பெண்ணும் வளர்கிற குழந்தையும். கொடுப்பதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

“தலையை அவளுக்கே குடுத்துடுவேன் அண்ணே. மூளைக்கு நல்லதாமே” என்றாள் தையல்காரி.

“நல்லதுதான் தங்கச்சி” என்றேன்.

வாயாடிக்கு முதலில் வயிற்றுவலி வந்தது. பிறகு பேச்சுக் குறைந்தது. “பெரிய மனுஷி ஆயிட்டாடா, நம்மகிட்டல்லாம் பேசமாட்டா” என்று தெருவில் கேலி செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் வலிப்பு வந்து விழுந்த பிறகு யாரும் கேலி செய்யவில்லை. இரத்தத்தில் ஈயம் இருப்பதாக மருத்துவமனையில் கண்டுபிடித்து, அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள்.

“எது வழியா உள்ள போகுதுன்னு தெரியாம மருந்து குடுக்கிறது, ஒழுகுற கூரையை விட்டுட்டு தரையைத் துடைக்கிற மாதிரிம்மா” என்றார் டாக்டர். “சீக்கிரம் கண்டுபிடிங்க. இன்னும் கொஞ்ச நாள் போனா பேச்சு திரும்பாது. உயிருக்கும் நான் பொறுப்பு சொல்ல முடியாது.”

ஈயம் இதில் இருக்குமோ என்று தையல்காரி வீட்டுப் பாத்திரங்களை வீசினாள். பொம்மைகளை வீசினாள். சுவரின் பெயின்ட்டை நகத்தாலேயே சுரண்டத் தொடங்கினாள். நான் கரண்டி எடுத்துப் போய் அவளோடு சேர்ந்து சுரண்டினேன். கை கொப்பளித்தது. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

“நீங்க இதுல படிச்சவங்கதானே அண்ணே. எதுல இருக்குன்னு சொல்லுங்க. உங்க கால்ல விழறேன்” என்றாள்.

“தேடுவோம் தங்கச்சி.”

“உடம்பு தேறணும்னா சத்தா சாப்பிடணுமாம். ஆத்து மீன் குடுக்கலாமில்ல?”

கூடாது என்றால் காரணம் கேட்பாள். “நான் பார்த்த தண்ணிதான்” என்றேன். அது பொய் இல்லை. அதன்பிறகு மீனைச் சமைத்து ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நேற்றும் போயிருந்தேன். வாயாடி என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். ‘மா’ வரை வந்தது, மீதி வரவில்லை. பிறகு தன் முன்னால் இருந்த கிண்ணத்தை, நடுங்கும் விரல்களால், மெல்ல என் பக்கம் நகர்த்தினாள். அதில் நடுத்துண்டு தொடாமல் இருந்தது. எனக்குப் பசியில்லை என்று சொல்லி வந்துவிட்டேன். இரவு முழுவதும் அந்தக் கிண்ணம் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு குழந்தையிடம் கடன்பட்டுவிட்டேன் என்று புரிந்தது.

இன்று காலை வழக்கம்போல நீர் எடுத்தேன். அமிலக் குப்பி பையிலேயே இருந்தது. திரும்பும் வழியில் வலைக்காரர் மீன் தந்தார். அதை நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. கதவைச் சாத்திவிட்டு எனக்காகக் குழம்பு வைத்தேன். கடவுளை வேண்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்து, தலைமுதல் வால்வரை, முழு மீனையும் தின்றேன். அவள் கொண்டுவந்து நான் புதைத்த துண்டுக்கும், நேற்று நகர்த்திய துண்டுக்கும் இது ஈடு. யாரும் பார்க்கவில்லை. நல்ல காரியத்துக்குச் சாட்சி எதற்கு?

கடன் தீர்ந்த நிம்மதியோடு சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். அடுத்த வாரத்து மீனை அவளுக்கே கொடுத்துவிடுவேன்.