சொந்தமாகக் கையுறை வாங்குபவர்கள்

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் நேற்று விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக்கொண்டு குதித்தாள். "ஒரே தடவைதாம்மா" என்றாள். அதை நம்பித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆம்பூர் பேருந்தில் என் முன் சீட்டில் தோல் கையுறை கம்பெனி ஆட்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"வானத்துலேர்ந்து குதிக்கிறவங்க எத்தினி பேருன்னு நம்ம கிளவுஸ் ஆர்டரை வெச்சே சொல்லிடுவேன், பாய்."

"இன்னாப்பா, போனைத் திறந்தா ஊரே குதிக்குது!"

"அதெல்லாம் ஒருவாட்டி குதிச்சிட்டுப் போறவங்க. குதிக்க வைக்கிற கிளப்புல குடுக்கிற கிளவுஸை மாட்டிக்குவாங்க. சொந்தமா கிளவுஸ் வாங்குறவங்கதான் விடாம குதிக்கிறவங்க."

"மத்த கம்பெனிங்க தைக்கிறது?"

"அதையும் சேத்துக்கோ. உலகம் பூரா கூட்டினாலும் நம்ம ஆம்பூரை ரொப்ப மாட்டாங்க."

கைப்பேசியில் மகளின் செய்தி வந்தது.

"அம்மா, ஆம்பூர்லதானே இருக்கே? எனக்கு நல்ல தோல் கிளவுஸ் ஒண்ணு வாங்கிட்டு வா."