தனித்து நின்ற நாற்பது பேர்

— நானூறு பேரு நிரப்பின சர்வே ஃபார்ம்ல, மொத முந்நூத்தி அறுவதுல ஒரு டீக்கறைகூட இல்லியே, அது எப்படி நாகேந்திரன் சார்?

— ஜனங்க சுத்தமா நிரப்பிக் குடுத்தாங்கம்மா. அத்த வுடு. கம்ப்யூட்டர்ல ஏத்திட்டியா, இல்லியா?

— ஏத்திட்டேன். அதான் கேக்கறேன். மடிச்ச கோடு இல்ல, மெட்ரோ தோண்டற தூசி இல்ல, ஒரு கட்டம் காலியா இல்ல. பதினோரு வருசமா இந்தப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு எதிர்ல கடை போட்டு, ஊர்ப்பட்ட பிஎச்.டி.க்கு கணக்குப் போட்டுக் குடுத்துகினு கீறேன். இவ்ளோ ஒழுக்கமான ஜனங்கள நான் பாத்ததேயில்ல.

— இந்தாம்மா ஃபஸீலா. நான் குடிநீர் பிரிவுல அசிஸ்டென்ட் இன்ஜினியர். நீ பி.காம். புரியுதா? எனக்கு வேண்டியது நாலாவது அத்தியாயம். டேபிள் போடு, நம்பர் பக்கத்துல நட்சத்திரம் போடு, பைண்டிங் பண்ணிக் குடு.

— வாஸ்தவம். நட்சத்திரம் இன்னாத்துக்குப் போடறாங்கன்னு தெரியுமா சார்?

— முக்கியம்னு காட்டறதுக்கு.

— தீபாவளி வாழ்த்து அட்டையில போடுவாங்களே, அந்த மாதிரியா? இந்த வித்தியாசம் தற்செயலா வந்துடலன்னு சொல்றதுக்கு சார். ஆறு வருசமா ஆராய்ச்சி பண்றேங்கறீங்க.

— வைவால எவனாவது கேள்வி கேட்டா கைடு பாத்துப்பாரு. வாசலுக்குப் பித்தளையில போர்டுகூட செஞ்சாச்சு, 'முனைவர் நாகேந்திரன்'னு. அயனம்பாக்கத்துல எங்க குடும்பத்துலேயே மொத முனைவர் நான்தான். புரியுதா?

— புரியுது. போர்டு ரெடி, முனைவர்தான் பாக்கி. சரி, ஸ்க்ரீனப் பாருங்க. ஒவ்வொருத்தர் சொன்ன பதிலும் ஒண்ணோட ஒண்ணு எவ்ளோ ஒத்துப்போவுதுன்னு காட்டற நம்பர் இது. ஒழுங்கான சர்வேன்னா பாயிண்ட் எட்டு வரும். உங்களுக்கு மொத முந்நூத்தி அறுவது ஃபார்ம்ல பாயிண்ட் தொண்ணூத்தொம்பது.

— அப்போ சூப்பர்தானே?

— ஒரே ஆளு முந்நூத்தி அறுவது தபா பேசிகீறாருன்னு அர்த்தம்.

— வாய் ரொம்ப நீளம்மா உனக்கு.

— வயசப் பாருங்க. இருவத்தஞ்சு, முப்பத்தஞ்சு, நாப்பத்தஞ்சு. நீங்க சர்வே எடுத்த கள்ளிக்குப்பத்துல யாருக்கும் முப்பத்தேழு வயசே ஆவலியா? நூத்திப் பன்னெண்டாவது ஆளுக்கு வயசு அம்பத்தஞ்சு, தொழில் பள்ளி மாணவர். தண்ணி எப்படி வருதுன்னு கேட்டா, 'திருப்தி, திருப்தி, மிகவும் திருப்தி'. திரும்பவும் 'திருப்தி, திருப்தி, மிகவும் திருப்தி'. நூத்தி எழுவதுக்கு மேல அந்த 'மிகவும்'கூட காணோம். கை வலிச்சிடுச்சா சார்?

— எல்லாரும் பண்றதுதாம்மா! ஆபீஸும் பாத்துகினு, ஊடு ஊடா போய்க் கதவத் தட்டினு நிக்க முடியுமா? அந்த ஏரியாவுக்குத் தண்ணி வுடறவனே நான். ஜனங்க இன்னா சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாதா?

— தெரிஞ்சா எதுக்கு சார் சர்வே?

— உங்கிட்ட பாடம் படிக்க வரல நானு.

— வந்திருந்தாலாவது தேவல. உங்க இஷ்டம். ஆனா கடைசி நாப்பது ஃபார்ம் இடிக்குது. இதுல முப்பத்தேழு வயசு கீது, அறுவத்திரண்டு கீது. காலியா வுட்ட கட்டம் கீது. ஒண்ணுல மஞ்சத்தூள் கறை. எல்லாமே 'அதிருப்தி'.

— அது அவுட்லையர். தூக்கிடு. கூட்டத்தோட சேராம தள்ளி நிக்கறத எடுத்துடலாம்னு புஸ்தகத்துலயே போட்டுகீறான். தொண்ணூத்திநாலு சதவீதம் திருப்தின்னு ஆபீஸ்ல வேற முன்னாடியே சொல்லிட்டேன். அத வெச்சுத்தான் அங்க பைப் மாத்தற ஃபைலையே மூடினாங்க. புரியுதா?

— ஃபைலையே மூடிட்டாங்களா? அல்லாவே! சார், ஒருத்தர் ரெண்டு பேர் தள்ளி நின்னா அவுட்லையர். நாப்பது பேர் ஒரே பக்கம் நின்னா அதுக்குப் பேருதான் கூட்டம். மீதி முந்நூத்தி அறுவதும் ஒரே ஆளு. ஆவ மொத்தம் உங்க சர்வேல நாப்பத்தோரு பேர்தான். நீங்கதான் அவுட்லையர்.

— குடு இங்க. இன்னா எழுதிகீது இதுல?

— 'உங்கள் கருத்து'ன்னு ஒரு எடம் வுட்டிருக்கீங்களே, நீங்க எல்லாத்துலயும் 'நன்று'ன்னு எழுதினது, அங்கதான். படிக்கறேன், கேளுங்க. 'முதல் நாலு குடம் சாக்கடை நாத்தம். கீழ ஊத்திட்டு அஞ்சாவது குடத்துலேருந்து புடிக்கிறோம்.' அடுத்தது: 'ரெண்டு பிள்ளைக்கும் மஞ்சக்காமாலை. ஏ.இ.யப் பாக்க மூணு தபா போனேன். சைட்டுக்குப் போயிட்டார்னாங்க. ஜன்னல் வழியா பாத்தா, போண்டா சாப்ட்டுனு இருந்தாரு.' இந்த அசிஸ்டென்ட் இன்ஜினியர் யாரு சார்?

— இது... இது சுரேகா கையெழுத்து.

— யாரு சுரேகா?

— என் ஊட்டுக்காரி. கடைசி நாப்பத அவ கையில குடுத்து, உக்காந்து டிக் அடிச்சுடுன்னேன். பாரு, என்னையே வெச்சு கத எழுதிகீறா! இரு, இப்பவே கேக்கறேன். இந்தப் போனு ஸ்பீக்கர்லதான் பேசும், நீயும் கேட்டுக்கோ. ஹலோ, சுரேகா! அறிவுகீதா உனக்கு? ஃபார்ம்ல கண்டதையும் கிறுக்கி வெச்சிகீறே?

— கிறுக்கலங்க. அவங்க சொன்னத எழுதினேன்.

— எவங்க?

— கள்ளிக்குப்பத்து ஜனங்கதான். மொதல்ல நீங்க சொன்னா மாதிரி உக்காந்துதாங்க டிக் அடிச்சேன். ரெண்டு ஃபார்ம் தாண்டல. ஊர் பேர் தெரியாத ஒருத்தருக்காவ நான் எப்படிங்க 'திருப்தி'ன்னு போடறது? அந்த ரெண்டையும் கிழிச்சுட்டு வேற காப்பி எடுத்துகினு பஸ் ஏறிட்டேன். நாலு நாளு, நாப்பது ஊடு. பாதிப் பேரு வாயால சொல்ல, நான் எழுதினேன்.

— போயி... யாருன்னு சொன்னே?

— உங்க சம்சாரம்னுதான். ஒரு ஊட்ல மூஞ்சி மேலயே கதவ சாத்தினாங்க. அடுத்த ஊட்ல அந்தம்மா ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுத்து, 'குடிச்சுட்டு அப்புறமா கேளும்மா'ன்னாங்க.

— குடிச்சியா?

— வாய் வரைக்கும் கொண்டு போனேங்க. முடியல. அவங்க பொண்ணு பக்கத்துலயே நின்னு அதே தண்ணியத்தான் குடிச்சுனு இருந்துச்சு. நான் டம்ளரக் கீழ வெச்சதப் பாத்துச்சு.

— சார், ஒண்ணு சொல்லட்டா? ஆறு வருசமா நீங்க பண்ணாத ஆராய்ச்சிய அவங்க நாலு நாள்ல பண்ணிட்டாங்க. அந்தப் போர்டுல பேர மாத்திடுங்க.

— நீ சும்மாரும்மா! சுரேகா, இத பாரு. ஆனது ஆச்சு. அந்த நாப்பதையும் நான் கிழிச்சுப் போட்டுடறேன். வெளிய யார்கிட்டயும் மூச்சு வுடாதே. ஃபைல் மேட்டர், வேலைக்கே வேட்டு வெச்சுடும். புரியுதா?

— தாராளமா கிழிச்சுக்குங்க. ஜெராக்ஸ் எடுத்து நேத்தே கலெக்டர் ஆபீஸ் மனு நாள்ல குடுத்துட்டேன். நாப்பதுலயும் சீல் போட்டாங்க. புகார் குடுக்கறவர் பேரு இன்னான்னு கேட்டாங்க. நான் சொல்லவே இல்லீங்க, ஒவ்வொரு ஃபார்ம் தலையிலயும் நீங்களே அச்சடிச்சிருக்கீங்களே, 'ஆய்வாளர்: நாகேந்திரன், உதவிப் பொறியாளர்'னு, அதையே பாத்து எழுதிக்கினாங்க.