நான்காம் வரிக்காகக் காத்திருந்த நூலகர் குழந்தைராஜ் அவர்களுக்கு

வாய்க்கால் நீர் வளைந்தோடும் வளநாட்டில், பாபநாசத்துச் சாலையோரப் பழைய ஓட்டுக் கட்டடத்தில், பல்லியும் கரையானும் பாதி படித்து வைத்த நூல்களுக்கெல்லாம் பாதுகாவலராய் வீற்றிருந்த பண்பாளரே! அவசரமாய் வாசிப்பவரைக் கண்டால் அடுத்த பக்கத்தை அமுக்கிப் பிடிக்கும் அன்பரே! இன்று மாலையோடு ஓய்வு பெறும் எங்கள் கிளை நூலகர் குழந்தைராஜ் அவர்களே! வணக்கம்.

இந்த மடலை எழுத நல்ல தமிழ் அறிந்தவர் வேண்டும் என்று உதவியாளர் ரெத்தினம் ஊரெல்லாம் தேடினார். அறிந்தவர் அனைவரும் கட்சி மாநாட்டுக்கு வரவேற்புரை எழுதப் போய்விட்டார்கள். ஆகவே இப்பொறுப்பு, நூலகத்துக்கு எதிரே, தங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்து, தங்கள் வீட்டுக் கொல்லையைத் தன் அடுப்படி ஜன்னல் வழியே கண்காணித்து வரும் அம்சத்திடம் வந்து சேர்ந்தது. சிறப்புகளோடு சில செய்திகளும் கலந்திருக்கும், பொறுத்தருள்க.

தங்கள் தனி வாசிப்பை என்னென்று புகழ்வோம்! நாலு வரிக் கவிதை ஒன்றைக் கையில் பிடித்தபடி, தலையில் ஊற்றிய தண்ணீர் தானே காயும்வரை கிணற்றடியில் நிற்பீர்கள். ரசத்தில் உப்பில்லை என்பதைத் தாங்கள் அறிந்துகொண்டது, "நாக்கு இருக்கா, அதையும் புஸ்தகத்துக்குள்ள அடையாளமா வச்சுட்டீங்களா?" என்று தங்கள் துணைவியார் அமலோற்பவம் அம்மாள் கேட்ட பிறகுதான். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் படிக்கத் தாங்கள் எழுந்தால் சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் நடுவே தாங்கள் இளைப்பாறுவதை ஊரறியும்.

கவிதை என்றால் கூரை அதிர வேண்டும், அடுக்குமொழி வந்தால் "இன்னொரு தரம்!" என்று கூவ வேண்டும் என்றே பழகிய நாட்டில், கைதட்டக் கூடாது என்று சட்டம் போட்ட கடுந்தவத்தோரே! திங்கட்கிழமை துண்டுத்தாளில் கவிதையை எழுதிக் கொடுப்பீர்கள். வாரமெல்லாம் அவரவர் வீட்டில் தனியே வாசிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை எல்லாரும் கூடி ஒரே ஒரு வரியை மாற்றி மாற்றி வாசித்து, அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். யாராவது அளந்துவிட்டால், "வரியில இருக்கா?" என்று கேட்பீர்கள். அந்த ஒரு கேள்வியில் ஊரின் பெரும் பேச்சாளர்கள் பலர் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

ஆனால் மேடைப் பேச்சுக்குப் பேர்போன பண்ணையார் செல்லதுரை அவர்கள் வந்தார். விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஐயாவுவும் வந்தார். ஒரே தெருவில் எதிரெதிரே நடக்கவும் யோசிக்கிற இருவர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே தாளைப் பார்த்ததைக் காண, காய்கறி வாங்கப் போவது போல நாங்கள் எத்தனை முறை நூலக வாசலைக் கடந்தோம் என்பது காய்கறிக்காரிக்குத் தெரியும். கடைசியில் நாங்களும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டோம்.

அப்போதுதான் அந்தக் கவிதையை எழுதிக் கொடுத்தீர்கள்.

அறுப்பு முடிந்த வயல்
கொக்கு ஒன்று நிற்கிறது
வாய்க்காலில் தண்ணீர் போகிறது
இன்னும் இருட்டவில்லை

முதல் வரியை ஒரே மூச்சில் தாண்டிவிட்டோம். வயல் எங்களுக்குத் தெரியாதா? இரண்டாம் வரிக்கு வந்ததும் ஒரே சண்டை. கொக்கு மந்திரிதான் என்றார் செல்லதுரை. "நெலத்துல எறங்காம நெலத்துல திங்கிறது மிராசுதாருதாங்க" என்றார் ஐயாவு. "வரியில கொக்குதான் இருக்கு" என்று தாங்கள் முடித்துவைத்தீர்கள்.

மூன்றாம் வரிக்கான வெள்ளிக்கிழமை. கூலித் தகராறில் உள்ளூர் ஆட்களை விலக்கிவிட்டு, செல்லதுரை லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து, போலீஸ் காவலோடு அறுப்பை முடித்திருந்த வாரம். இருந்தும் இருவரும் வந்திருந்தார்கள். செல்லதுரை தாளையே வெகுநேரம் பார்த்தார். தனியாக நிறைய வாசித்திருப்பார் போல. தாள் மடிப்பில் கிழிந்திருந்தது. மேடைக் குரலை எங்கோ விட்டுவிட்டு மெல்லச் சொன்னார்: "வயல் இருக்கு. கொக்கு இருக்கு. தண்ணி இருக்கு. அறுத்தவங்க எங்க சார்? ஒரு ஆளைக்கூடக் காணுமே."

எங்களில் யாருக்கும் தோன்றாதது அது. ஐயாவு அவர் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வாய் எடுத்தார்.

ஐயா, அந்த நொடியில் கைதட்டினீர்கள். சட்டம் போட்ட தாங்களே தட்டினீர்கள். காலமெல்லாம் காத்திருந்த வாசிப்பு கண்ணெதிரே நடந்த ஆனந்தம் என்பது எங்களுக்குப் புரிந்தது. செல்லதுரைக்குப் புரியவில்லை. "என்னைய மேடையேத்தி வேடிக்கை பாக்கறீங்களா?" என்று எழுந்தார், துண்டை உதறினார், போனார். ஐயாவு சொல்ல வந்ததை விழுங்கிவிட்டார். மறுவாரம் வயலில் கைகலப்பு. ஐயாவு மேல் வழக்கு. முதல் சாட்சி செல்லதுரை.

அதன்பின் வந்த வெள்ளிக்கிழமைகளை நாங்கள் ஜன்னலில் இருந்தே பார்த்தோம். வேறு கவிதை எடுக்க மறுத்தீர்கள். "நாலாவது வரி பாக்கி இருக்கு" என்றீர்கள். தாங்களே வாசித்து முடித்துவிடக் கூடாதா என்று ரெத்தினம் கேட்டதற்கு, "தனியா எப்பவோ வாசிச்சாச்சு. அது அவங்க ரெண்டு பேருக்கும் உள்ள வரி" என்றீர்கள். மற்ற வாசகர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். பெஞ்சைத் துடைத்துவைத்துவிட்டு இருட்டும்வரை உட்கார்ந்திருப்பீர்கள். அமலோற்பவம் அம்மாள் நூலக வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, கூப்பிடாமலே திரும்பிப் போவார்.

இன்றும் வெள்ளிக்கிழமை, தங்களுக்கு இங்கே கடைசி வெள்ளிக்கிழமை. இருவர் வீட்டுக்கும் தாங்களே நடந்து போய் அழைத்தீர்கள். போகாதீர்கள் என்று ஊரே சொன்னது, நாங்களும் சொன்னோம். செல்லதுரை "பாக்கலாம் சார்" என்றார். இன்று காலையில் அவர் டிரைவர் கையில் ரோஜா மாலை வந்தது. ஐயாவு தங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்: "அன்னிக்குக் கும்மோணம் கோர்ட்டுல வாய்தா சார். அவரும் சாட்சி சொல்ல வர்றாரு. ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான் இருப்போம். என்ன, இங்க இல்ல."

தங்களுக்குப் பின் யார் வருவார் என்று மேலிடத்தில் கேட்டோம். "பார்க்கலாம்" என்றார்கள். அதற்குள் வாசக அறையை உர மூட்டை அடுக்கக் கேட்டு ஆள் வந்துவிட்டது.

இந்த மடலுக்குக் கண்ணாடி போட்டுச் சட்டமடிக்க வந்த மூஸா பாய் காலையிலிருந்து சுத்தியலோடு உட்கார்ந்திருக்கிறார். "ரெண்டு பேரும் கையெழுத்துப் போடட்டும், அதுவரைக்கும் சட்டத்தை மூடாதீங்க" என்று தாங்கள் சொல்லியனுப்பினீர்கள். "ஆணி அடிச்சா அப்புறம் பிரிக்க முடியாதுன்னு சார்கிட்டச் சொல்லுங்க" என்றார் அவர். கும்பகோணத்திலிருந்து வர வேண்டிய பஸ்கள் எல்லாம் வந்துவிட்டன. இந்த வரியை முடித்ததும் தாளை அவரிடம் கொடுக்க வேண்டியதுதான்.

கண் மங்காமலும், கை நடுங்காமலும், உப்பில்லாத ரசத்தை உப்பில்லை என்று உணரும் நாக்கோடும் நெடுங்காலம் வாழ்க! இதை இங்கே ஒரு தரம் வாசிப்போம், யாரும் கைதட்டமாட்டோம். மற்ற வாசிப்பெல்லாம் தங்கள் வீட்டுச் சுவரில், தாங்கள் தனியாக. யார் இருக்கிறார்கள் என்று பார்த்தபின், யார் இல்லை என்றும் பார்ப்பீர்கள். எங்களுக்குத் தெரியும்.

இங்ஙனம், நூலக ஊழியர்களும் வெள்ளிக்கிழமை வாசகர்களும்

ரெத்தினம்
அம்சம்
செல்லதுரை (இடம் விடப்பட்டுள்ளது)
ஐயாவு (இடம் விடப்பட்டுள்ளது)